மணல் என்று எழுதப்பட்ட பவளத்திட்டு

அனுப்புநர்:
ஸைதூன் ஸாகெரி,
மீன்பிடி தொழிலாளி,
கோர்சியா கிராமம், கெஷ்ம் தீவு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தென்கடல் உயிரின ஆய்வகம்,
பந்தர் அப்பாஸ்.

பொருள்: உயிருள்ள பவளத்திட்டை வெறும் மணல் என அறிக்கை தந்த தங்கள் ஆய்வாளர் மீது நடவடிக்கையும், தூர்வாரும் பணிக்குத் தடையும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏழு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை நாஹீத் வலை இழுத்தபோது, கண்ணாடிபோல் நிறமற்ற ஜெல்லி மீன் ஒன்று அவள் வலக்கையைச் சுற்றிக்கொண்டது. மூன்று நாள் நினைவின்றிக் கிடந்தாள். எது தீண்டியிருக்கும் என்று மருத்துவர் தங்கள் ஆய்வகத்தைத் தொலைபேசியில் கேட்டார். "அந்த மாதிரி ஒண்ணு நம்ம கடல்லயே கிடையாதுங்க" என்று பதில் வந்தது. அந்தக் கிடையாத பிராணி இட்ட தழும்பு மணிக்கட்டு முதல் முழங்கை வரை இன்றும் இருக்கிறது.

2. அவள் எழுந்து நடமாடியதும் நாங்கள் இருவரும் எழுதத் தொடங்கினோம். எங்கள் கரைக்கு எதிரேயுள்ள திட்டில் மூழ்கி, எந்தப் பவளம் எங்கே வளர்கிறது, எந்த ஜெல்லி மீன் எந்தக் காற்றுக்கு வருகிறது என்று கையால் வரைந்த படங்களோடு ஒன்பது நோட்டுகள் நிரப்பினோம்.

3. சென்ற ஆண்டு, திட்டைத் தூர்வாரிப் புதிய படகுத்துறை கட்டலாமா என்று ஆய்வு செய்யத் தாங்கள் முனைவர் பர்வீஸ் கியானியை அனுப்பினீர்கள். வடகாற்றில் கடல் கலங்கிக் கிடந்தது. அவர் காலில் ஈரம்கூடப் படவில்லை. "குடும்மா, பார்த்துட்டுத் தர்றேன்" என்று ஒன்பது நோட்டுகளையும் வாங்கிச் சென்றார். நான்கு முறை நேரில் போய்க் கேட்டேன். கடைசி முறை அவர் சொன்னது: "மீன் வெட்டுற கைக்கு நோட்டு எதுக்கு? அந்தக் கிறுக்கலையெல்லாம் குப்பையில போட்டாச்சு."

4. குப்பையில் போட்டதாகச் சொன்னது பொய். "மணல் மட்டுமே; உயிருள்ள பவளம் இல்லை" என்பது படகுத்துறைக்கு அவர் அளித்த அறிக்கை. அதே மாதம் ஓர் அறிவியல் இதழில் அவர் பெயரில் வந்த கட்டுரையோ, அதே திட்டில் முப்பத்தொரு பவள இனங்களும் பதினான்கு ஜெல்லி மீன்களும் இருப்பதாகச் சொல்கிறது. எங்கள் ஊர் ஆசிரியை பர்வானே அதைப் படித்துக் காட்டினார். அத்தனையும் எங்கள் நோட்டுகளில் நாங்கள் வரைந்த படங்கள். "இக்கடலில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது" என்ற படத்தில், நிறமற்ற அந்த ஜெல்லி மீனுக்கு அருகே தழும்பேறிய ஒரு கை. கீழே, "அளவு காட்ட வைத்த கை" என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

"என் கைய அளவுகோலாக்கிட்டானே, அக்கா" என்றாள் நாஹீத். அன்று அவள் சாப்பிடவில்லை.

5. அறிக்கையின் அடியில் தங்கள் கையொப்பம் இருக்கிறது. கட்டுரையின் நன்றியுரையில் தங்கள் பெயர் இருக்கிறது. இரண்டையும் படித்தீர்களா, எதையுமே படிக்கவில்லையா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

6. மெஹ்ர் மாதம் 5ஆம் நாள், அதாவது இன்னும் எட்டே நாளில், தூர்வாரும் கப்பல் வருகிறது. அதற்குள் அறிக்கையை ரத்து செய்து, நோட்டுகளைத் திருப்பித் தந்து, கட்டுரையில் நாஹீத்தின் பெயரைச் சேர்க்க உத்தரவிட வேண்டும். தவறினால் எங்கள் ஊர்ப் பெண்களின் பதினான்கு படகுகளும் திட்டின்மேல் நிற்கும். நங்கூரம் போட்டால் பவளம் உடையும். ஆகவே படகுகளை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, துடுப்புப் போட்டபடியே நிற்போம்.

தாங்களும் வாருங்கள். மூழ்கும் கண்ணாடியை நாங்களே தருகிறோம். தலையை நீருக்குள் விட்டு ஒரேயொரு முறை பாருங்கள். அதன் பிறகும் மணல்தான் என்றால், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இடம்: கோர்சியா
நாள்: சூரிய ஹிஜ்ரி 1402, ஷஹ்ரிவர் மாதம் 28

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
ஸைதூன் ஸாகெரி
நாஹீத் ஸாகெரி