தெப்பத்தில் மூன்றாவது ஆள்

அன்புள்ள என்னவளுக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

என்னோடு அறையில் தங்கியிருக்கும் வெல்டரும் நானும் எங்கள் குடியிருப்புக்குப் பின்பக்க ஏரியில் விட ஒரு மரத்தெப்பம் செய்தோம். வேலையிடத்தில் தூக்கிப்போட்ட பலகைகள், காலி பிளாஸ்டிக் டிரம்கள். கயிறும் ஆணியும் மட்டும்தான் கைக்காசில் வாங்கினோம். பலகைகளை இழைத்ததும் இணைத்ததும் என் கை வேலை. அவன் டிரம்களைக் கட்டினான், அவ்வளவுதான்.

தெப்பம் தயாரான வாரமே அவன் மனைவி ஊரிலிருந்து வந்து இறங்கினாள். "முதல்ல அவளை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்டா" என்றான். நான் கரையில் நின்றேன். நான் இழைத்த பலகையில் அவள் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவன் துடுப்புப் போடத் தெரியாமல் கரையோரமாகவே சுற்றினான். அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "நானும் வர்றேன்டா!" என்று ஓரத்தில் தாவி ஏறினேன். தெப்பம் ஒரே பக்கமாகச் சாய்ந்து மூன்று பேரும் தண்ணீரில் விழுந்தோம். பயப்படாதே, இடுப்பளவு ஆழம்தான்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கூந்தலைப் பிழிந்துகொண்டே, "அண்ணே, அண்ணியை எப்போ வரச் சொல்லப் போறீங்க?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடு. அப்புறம் உன் எடை எவ்வளவு என்று எழுது. எத்தனை டிரம் கூடுதலாகக் கட்டுவது என்று பார்க்க வேண்டும். கொஞ்சமும் குறைத்துச் சொல்லாதே. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உன்னுடையவன்