மாமாவின் கண்ணும் தேன்மொழியின் கல்யாணமும்

என் பாசமுள்ள மாமா,

நீங்க எங்களை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது. உங்க பொண்ணு தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. அதுக்கு முன்னாடி நடந்ததையும் நீங்க கேக்கணும். உங்க கண்ணு சம்பந்தப்பட்டது அது.

முதுநகர்ல படகுகளுக்கு வெல்டிங் அடிச்சுக்கிட்டிருந்த வயசுல, வலியே இல்லாம ஒரு கண்ணு மங்கிச்சு, கொஞ்ச நாள்ல இன்னொண்ணும் போச்சு. "கண்ணாடி போடாம அடிச்ச திமிருக்கு எனக்கு வேணும்"னு கடைசிவரைக்கும் சொன்னீங்க. டெலிபோன் பூத் வச்சுப் பொண்ணைப் படிக்க வச்சப்பகூட அந்தப் பழியை நீங்க இறக்கி வைக்கல.

இந்த வருஷம் என் தம்பி குமரனுக்கும் அதே மாதிரி ஆச்சு மாமா. அவன் வெல்டிங் மெஷினைத் தொட்டதே இல்ல. சிதம்பரத்துல மருந்துக்கடையில வேலை. மாத்திரை அட்டையில எழுத்து தெரியலன்னு ஒரு நாள் வீட்டுக்கு வந்துட்டான். பாண்டிச்சேரியில கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, பரம்பரையா வர்றதுன்னாங்க.

அந்த டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க: "இது அப்பா பாதி, அம்மா பாதின்னு வர்ற கணக்கு இல்லம்மா. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு. அதுக்குன்னு தனியா மரபணு உண்டு. அது தாயோட கருமுட்டை வழியாதான் வரும். அதுல கோளாறு தாய்கிட்ட இருந்தா எல்லாப் பிள்ளைக்கும் போகும். அப்பாகிட்டேர்ந்து யாருக்கும் போகாது."

"இருக்கிற எல்லாருக்கும் பார்வை போயிடுமா?"

"இல்ல. நிறைய பேருக்கு ஒண்ணுமே ஆகாது. ஆம்பளைங்களுக்குதான் ஜாஸ்தி. சிகரெட், குடி பக்கம் மட்டும் போகக் கூடாது."

உங்களைப் பத்தியும் கேட்டேன். வெல்டிங் காரணமே இல்லன்னாங்க. எத்தனை வருஷம் உங்களை நீங்களே திட்டிக்கிட்டீங்க மாமா?

உங்க அக்கா, எங்கம்மாதான் உடைஞ்சு போயிட்டாங்க. "அப்ப நான்தான் குடுத்தேனா?" குமரன் கையால துழாவி அவங்க தோளைப் பிடிச்சான். "தெரிஞ்சா குடுத்த? விடும்மா. உனக்கும் மாமாவுக்கும் உங்கம்மா குடுத்ததுதான."

இதுக்குள்ள தேன்மொழிக்குப் பேசி வச்சிருந்த மேல்பட்டாம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டுல பின்வாங்கிட்டாங்க. அப்பாவுக்குப் போச்சு, அத்தை மகனுக்கும் போச்சு, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வந்தா என்ன பண்றதுன்னு பேச்சு. தேன்மொழியோட நானும் என் வீட்டுக்காரரும் நேராவே போயிட்டோம். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். தேன்மொழியோட அம்மா சொந்தத்துல இல்லாம அசல்ல இருந்து வந்தவங்க, அந்த வழியாவும் இது வராதுங்கறதையும் சொன்னேன்.

மாப்பிள்ளையோட அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ உனக்கு?"ன்னாங்க.

என் மாமியார்கிட்டகூட அதை நான் அதுவரைக்கும் சொல்லல. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், தலையாட்டினார்.

"எனக்கு இருக்கும்மா. என் பொண்ணுக்கும் இருக்கு. தேன்மொழிக்கு இல்ல."

அப்புறம் தேன்மொழிதான் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டா: "எங்கப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்திருந்தாலும் நான் வெட்கப்பட்டிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட பொண்ணைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்"னார் அவர். அவங்கம்மா எழுந்து எங்களுக்குக் காப்பி போடப் போனாங்க.

உங்க பொண்ணு பேசினதை நீங்க கேட்டிருக்கணும் மாமா.

குமரன் இப்போ திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற போனைப் பழகிட்டான். மருந்துக்கடைக்காரர் போன்ல ஆர்டர் எடுக்குற வேலையைக் குடுத்து மறுபடி கூப்பிட்டுக்கிட்டார். வீட்டுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னதும் என் மாமியார் சில நாள் முகம் குடுத்துப் பேசல. இப்போ பேத்தியை மடியில வச்சுக்கிட்டு, "எது வந்தாலும் பாத்துக்கலாம்"ங்கறாங்க.

என் பொண்ணுக்கு இன்னும் இதெல்லாம் புரியுற வயசு வரல. வந்ததும் நானே சொல்வேன். மறைக்க மாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன். தனக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சே அவ வளருவா. இது நான் உங்களுக்குக் குடுக்குற வாக்கு.

என்னிக்கும் உங்க அக்கா மகள்,
சுமதி
சிதம்பரம்