பொங்கப்படி நோட்டு

சிவமயம்

மேலகரம்
19.1.2025

அன்புத் தம்பி குற்றாலிங்கத்துக்கு அக்கா எழுதுவது. குற்றாலநாதர் உன்னையும் உன் வீட்டையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

நீ அனுப்பிய பொங்கப்படி போகியன்று காலையிலேயே வந்துவிட்டது. பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு, பனங்கிழங்கு, எனக்குச் சேலை, அத்தானுக்கு வேட்டி. எல்லாம் நிறைவு. சிறுகிழங்கைத்தான் மறந்துவிட்டாய். உன் அத்தான் சாப்பாட்டுத் தட்டில் தேடினார்.

போனில் சொன்னால் போதாதா என்று உன் பெண்டாட்டி வித்யாலட்சுமி சிரிப்பாள். பிறந்த வீட்டுப் படி வந்ததும் நோட்டில் எழுதி, உனக்கும் ஒரு கடிதம் போட்டால்தான் எனக்குப் பொங்கல் முடிந்த மாதிரி. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பக்கம் விட்டுப்போனதில்லை.

வழக்கம்போலப் பேச்சித்தாய்தான் தெருமுனை ஆட்டோவிலிருந்து எல்லாவற்றையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். இந்த வருஷம் தலை மொட்டை. சாமிக்கு நேர்ச்சையா என்று கேட்டேன். "பேன் புடிச்சுக் கெடந்தா மதினி, நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் கூட வந்த உன் பெண்டாட்டி. இலை போட்டேன். பேச்சித்தாய் வித்யாலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள், சாப்பிடாமலே போய்விட்டாள்.

நாற்பது வயதானாலும் சூதுவாது தெரியாத பிள்ளை அது. என் வீட்டில் வேலை பார்த்த அவள் அம்மா சாகும்போது என் கையில்தான் பிடித்துக் கொடுத்தாள். நான் உன் கையில் கொடுத்தேன். நல்லபடி வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா முத்துவடிவு

---

குற்றாலம்
9.7.2025

அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

போனில் பேச வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் எழுதுகிறேன். உன்னைப்போல எனக்கு எழுத வராது.

போன வாரம் சாரல் நன்றாகப் பிடித்து என் லாட்ஜில் எல்லா ரூமும் நிறைந்திருந்தது. பேச்சித்தாய் ஈரப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது. தென்காசியில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு நர்சம்மா, எங்கே தூங்குவாய், சம்பளம் யாரிடம் என்று அவளிடம் கேள்வி மேல் கேள்வி. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? மாடிப்படிக்கு அடியில் தூங்குவேன், ராத்திரி வித்யா அக்கா கதவுக்குக் கொண்டி போடுவாங்க என்று சொல்லிவிட்டாள். சீசனில் கண்ட ஆளும் வந்து போகிற இடம். அவள் பாதுகாப்புக்குத்தான் வெளியே கொண்டி போட்டோம்.

மறுநாளே ஜீப்பில் வந்துவிட்டார்கள். தொழிலாளர் ஆபீஸ், மகளிர் போலீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ், மாற்றுத்திறனாளிகள் ஆபீஸ், எல்லாரும் ஒன்றாக. அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொத்தடிமை என்கிறார்கள் அக்கா. நம் குடும்பத்தைப் பார்த்து அந்த வார்த்தை.

அபர்ணா என்று ஒரு அதிகாரி உன்னிடம் விசாரிக்க வருவாள். இந்த சீசனுக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தாள், நம் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று சொல். இரண்டு வார்த்தைதான்.

தம்பி,
குற்றாலிங்கம்

---

சிவமயம்

மேலகரம்
14.7.2025

அன்புத் தம்பிக்கு,

நேற்று அந்த அபர்ணா வந்தது. சின்னப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தது. "பேச்சித்தாய எத்தன வருஷமாத் தெரியும்மா?" என்று கேட்டது. சின்னதிலிருந்தே தெரியும், வீட்டுப் பிள்ளை மாதிரி, லாட்ஜுக்குப் போனது இந்த சீசனில்தான் என்று நீ சொன்னபடியே சொன்னேன். எழுதிக்கொண்டது. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

போகும்போது வாசலில் நின்று, "வீட்டுப் பிள்ளைன்னா, பேச்சித்தாய் இங்க வந்தா எங்க உக்காரும்மா?" என்று கேட்டது. குத்தலாகக் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அவள் இந்த வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் விளக்கேற்றிப் பதிகம் பாட வாயெடுத்தேன். பொய் சொன்ன வாய்தானே என்று பாடாமலே எழுந்துவிட்டேன். மனசு கேட்காமல் படி நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷப் பக்கத்தின் அடியிலும் நானே எழுதியிருக்கிறேன் தம்பி.

2020, கொண்டுவந்தது பேச்சித்தாய். நன்றாக இருக்கிறாள், சிரித்தாள்.
2021, காலில் செருப்பு இல்லை.
2022, வலது கையில் தீப்புண். இஸ்திரிப் பெட்டி என்றாள்.
2023, கேட்டதற்குப் பேசவில்லை.
2024, மெலிந்துவிட்டாள். ஊருக்குப் போக வேண்டும் என்றாள்.
2025, மொட்டை. சாப்பிடவில்லை.

கிழங்கு குறைந்ததைக்கூட உனக்கு எழுதிக் கேட்ட நான், இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு நோட்டை மூடிவிட்டேன். கேட்டால் அடுத்த வருஷம் படி வருகிற வழி கசந்துவிடுமோ என்று பயம். பிறந்த வீடு இல்லாதவள் என்று தெருவில் பேசுவார்களோ என்று பயம்.

நீயே போய் உண்மையைச் சொல்லிவிடு. தண்டனை குறையும் என்கிறார் அத்தான்.

முத்துவடிவு

---

குற்றாலம்
18.7.2025

அக்கா,

நோட்டை அடுப்பில் போடு.

அவளுக்கு மூன்று வேளையும் சோறு போட்டோம். தீபாவளிக்குத் துணி எடுத்தோம். அவள் ஊர் கடையத்தில் இருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? வேலைக்கு ஆள் வேண்டும் என்று நான் உன்னிடம் வந்து நின்றேனா? நீயாகத்தான், "கூலி கேக்காது, சோத்தப் போட்டு வச்சுக்கோடே" என்று கூட்டிக்கொண்டு வந்து விட்டாய். அதையும் உன் நோட்டில் எழுதியிருக்கிறாயா?

எனக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு இருக்கிறது. இனி உனக்குப் பிறந்த வீடு உண்டா இல்லையா என்பது உன் கையில்.

குற்றாலிங்கம்

---

சிவமயம்

மேலகரம்
6.8.2025

தம்பி குற்றாலிங்கத்துக்கு,

நீ கேட்டது சரிதான். அந்த வார்த்தையை நான் சொன்னேன். அதுதான் நோட்டில் இல்லை. முந்தாநாள் கலெக்டர் ஆபீசில் அதையும் சேர்த்துச் சொன்னேன்.

போன விவரத்தை உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒரே மேசையைச் சுற்றி எல்லா ஆபீஸ்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கடையத்து வி.ஏ.ஓ. கையில், பேச்சித்தாய் ஊரை விட்டுப் போய்விட்டாள் என்ற குறிப்பு இருந்தது. எங்கே என்று இல்லை. மருத்துவ முகாம் பதிவில் அவள் பேரும் தீப்புண்ணும் இருந்தது. எங்கே வேலை என்று இல்லை. லாட்ஜைச் சோதிக்க வந்த சுகாதார அலுவலர், மாடிப்படி அறைக்கு வெளிப்பக்கம் கொண்டி என்று எழுதியிருந்தார். உள்ளே யார் என்று இல்லை. அபர்ணா எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தது. ஆனாலும் சீசனுக்கு வந்தவள்தான் என்று நீ கொடுத்த காகிதமும் என் கையெழுத்தும் குறுக்கே நின்றன.

ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தார்கள் தம்பி. எல்லாத் துண்டையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

நோட்டை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்னால் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வாசலில் அத்தான் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். உன் தம்பி, உன் நோட்டு என்று முதலில் விலகியிருந்தவர், திரும்புகாலில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அவளுக்கு ஆர்.டி.ஓ. கொத்தடிமை விடுதலைச் சான்று கொடுத்துவிட்டார். இப்போது தென்காசியில் பெண்கள் இல்லத்தில் இருக்கிறாள். அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தேன். கையில் கட்டு. முடி ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கிறது. என்னோடு வீட்டுக்கு வாரியா தாயி, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"எத்தன ரூம் கூட்டணும், ஆச்சி?" என்று கேட்டாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா

---

சிவமயம்

மேலகரம்
17.1.2026

அன்புத் தம்பி குற்றாலிங்கத்துக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இதற்கும் போட மாட்டாய். படி வந்தாலும் வராவிட்டாலும் பொங்கலுக்கு உனக்கு ஒரு கடிதம் எழுதாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

போகியன்று காலையில் தெருமுனையில் ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். எதிர்வீட்டு அக்கா படி வந்துவிட்டதா என்று கேட்டாள். இந்த வருஷம் இல்லை என்றேன். சொன்ன பிறகு, இத்தனை வருஷம் பயந்த அளவுக்கு அது ஒன்றும் பெரிதாக இல்லை.

மத்தியானம் நானும் அத்தானும் சந்தைக்குப் போய்ப் பானை, அரிசி, மஞ்சள்குலை, கரும்பு, சிறுகிழங்கு, ஒரு சேலை, ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம். கூடையில் வைத்து, தென்காசி இல்லத்து வாசலில் இருந்து நானே தலையில் வைத்துக்கொண்டு போனேன். தூரத்தில் பார்த்ததுமே பேச்சித்தாய் ஓடிவந்தாள். என்னைப் பார்க்கத்தான் ஓடிவருகிறாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அவள் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"எறக்கி வையி தாயி. ஒனக்குத்தான்."

நம்பவில்லை. "யாருக்கு ஆச்சி?" என்று இன்னொரு தடவை கேட்டாள். உனக்கு, உனக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கூடையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. செருப்பை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷமும் போவேன். உட்காருகிற வரைக்கும் போவேன்.

நோட்டு கோர்ட்டில் இருக்கிறது. அதனால் இந்த வருஷத்தை ஒரு தனித்தாளில் எழுதி விளக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி எனக்குச் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. உன்னையும் வித்யாலட்சுமியையும் அங்கே பார்ப்பேன். கூலி கேட்காது என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை உனக்கு முன்னால் நின்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். என் முகத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

பனி அதிகமாக இருக்கிறது. உனக்குச் சின்னதிலிருந்தே தை மாதம் தொண்டை கட்டும். அன்றைக்கு வரும்போது கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு வா.

உன் அக்கா,
முத்துவடிவு