டிரம்மில் உன் கடைசிக் கோடு

என் அருமை மச்சான் தனசேகரா,

நீ போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் பாய்லரை இன்று மதியம் அணைத்துவிட்டேன். கேட்டதும் உனக்குத் தூக்கிவாரிப் போடும் இல்லையா?

பதினோரு வருஷம் நீ ஒரு ஷிஃப்ட், நான் ஒரு ஷிஃப்ட். போர்வெல் தண்ணீரின் உப்பு குழாய்களில் படியாமலிருக்க, வெள்ளை டிரம்மிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் பாய்லருக்கு அனுப்புகிற அந்தச் சின்னப் பம்ப் நம் பொறுப்பு. ஷிஃப்ட் முடியும்போது மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று பார்த்து, பழைய கோட்டை அழித்து, மார்க்கரால் புதுக் கோடும் பேரும் போடுவோம். "பம்ப் சத்தத்த நம்பாதடா, கோட்ட நம்பு" என்று உயிரை வாங்குவாய்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்தாயே, அன்று காலை நீ போட்ட கோடு டிரம்மில் அப்படியே இருந்தது. பக்கத்தில் 'தனா' என்ற உன் கிறுக்கல். அழிக்க மனசு வரவில்லை, மச்சான். உன் இடத்துக்கு வந்த முருகேசனிடமும், "அந்த டிரம்ம தொடாத, மருந்த நான் பாத்துக்கறேன்" என்றேன். பம்ப் டிக் டிக்கென்று அடித்தது. ஷிஃப்ட் புத்தகத்தில் 'மருந்து சரி' என்று தினமும் எழுதினேன். உன் கோட்டைத் தினமும் பார்த்தேன், மருந்தை ஒரு நாளும் பார்க்கவில்லை.

சிம்னி சூடு நாளுக்கு நாள் ஏறியது. குழாயில் உப்பு படிந்தால் அப்படித்தான் ஏறும் என்று தெரிந்தும், மீட்டர்தான் கெட்டுவிட்டது என்றிருந்தேன். இன்று முருகேசன் டார்ச் அடித்துப் பார்த்துக் கத்தினான்: "அண்ணாத்தே, பம்ப் அடிச்சிகினுதான் கீது. மருந்து தனா அண்ணன் கோட்டுலயே நிக்குதே!"

பம்ப்புக்குள் காற்று அடைத்திருக்கிறது. நீ போனதிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

நாளை காலை பாய்லர் ஆறியதும் திறப்பார்கள். உள்ளே எவ்வளவு படிந்திருக்கும்? குழாய்கள் வெந்து போயிருக்குமா? முருகேசன் அதன் முன்னால் உட்கார்ந்துதானே தினமும் சாப்பிட்டான்? வெடித்திருந்தால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேனேஜர் வந்து டிரம்மைப் பார்த்தார். உன் பேரைப் படித்தார். "தனசேகர் பம்ப்ப ஒழுங்கா பாக்காமயே போய்ட்டான் போல" என்றார். முருகேசன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை, மச்சான். புத்தகத்தை அவர் இன்னும் புரட்டவில்லை. சொன்னால் வேலை போய்விடுமே என்று பயந்துவிட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

உன் லாக்கர் சாமானை வாங்க நாளை உன் மனைவி வருகிறாள், என் தங்கச்சி. அவள் காதில் மேனேஜரின் அந்தப் பேச்சு விழக் கூடாது.

பாய்லரைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன். புத்தகத்தையும் என் கையாலேயே எடுத்துக் கொடுப்பேன். அதற்கு முன்னால் உன் பேரை அழித்துவிட்டு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் என் பேரை எழுதுவேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
குமரேசன்