பதினான்கு பேரில் ஒருத்தி

12 ஜூன் 2025, வியாழன்

நான்காம் அத்தியாயம் முடிந்தது. ஒரே ஒரு புகைப்படத்தைப் பற்றி நாற்பத்தொரு பக்கம். அதற்குத் தனிக் கொழுப்பு வேண்டும், எனக்கு இருக்கிறது.

ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் ஒரு காகிதக் கட்டுக்குள் கிடைத்த படம் அது. ஏதோ தொழிற்சாலை கேன்டீன் வாசலில் பதினான்கு பெண்கள். பின்பக்கம் மராத்தியில் ‘கேன்டீன், 1983’. பதின்மூன்று பேர் விறைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். நடுவில் இருப்பவள் மட்டும் முந்தானையால் முகத்தை மூடித் திரும்பிவிட்டாள். இருபது வருடமாகச் சாமானியர்களின் புகைப்படங்களை ஆராய்ந்துவரும் என் முடிவு: அவள் முகம் தர மறுக்கிறாள். அது ஒரு தொழிலாளியின் மௌனக் கலகம். புத்தகமே அவளை நம்பித்தான் நிற்கிறது. அட்டைப்படமும் அவள்தான்.

சங்கரன் படித்துவிட்டு, “வெயிலா இருந்திருக்கும் ஸ்ரீ” என்றார். புருஷனிடம் கையெழுத்துப் பிரதியைக் காட்டியது என் தப்பு.

28 ஜூன், சனி

பதிப்பாசிரியர் கோகுல்நாத் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். “மேடம், நாலாவது சாப்டர்தான் புத்தகம்.” நாள் முழுக்கக் கால் தரையில் இல்லை.

9 ஜூலை, புதன்

மழை. மிசல் சாப்பிடப் போனேன், காரப் பயறுக் குழம்பும் தொட்டுக்கொள்ள பாவ் ரொட்டியும். எதிர் மேஜைப் பெண் நாற்காலியில் ஏறி நின்று தட்டைப் படமெடுத்தாள். பிறகு தோழி எடுத்தாள். பிறகு இருவரும் தட்டோடு. எல்லாம் ஆறி அவலமானதும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், முகத்தில் திருப்தியோடு. இதை ‘பசிக்கும் பிம்பத்துக்கும் இடையிலான பேரம்’ என்று எழுதி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் என் பாவ் ஆறியிருந்தது.

19 ஜூலை, சனி

இன்று புத்தகத்தைப் பற்றி ஓர் அரங்கில் என் உரை. திரையில் பத்தடி உயரத்துக்கு என் நாயகி. ஒன்றரை மணி நேரம் பேசினேன், கைத்தட்டல் பலமாகவே இருந்தது.

எல்லோரும் சமோசா பக்கம் போனதும், மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், பெயர் சந்துரு. தமிழில் சொன்னார்: “மேடம், அது எங்கம்மா.”

“எது?”

“நடுவுல இருக்கறது. மறுக்கறாங்க, மறுக்கறாங்கன்னீங்களே, அவங்கதான். சின்ன வயசுல எங்க வீட்ல இதே படம் இருந்துச்சு.”

உயிரோடு இருக்கிறாரா என்றேன். போபோடியில் நன்றாக இருக்கிறாராம். கிளம்பும்போது தயங்கிச் சொன்னார்: “ஆனா அவங்க எதையும் மறுக்கற ஆள் இல்ல மேடம். ரெண்டாவது தடவ சோறு போட்டாக்கூட வேணாம்னு சொல்ல மாட்டாங்க.”

20 ஜூலை

அந்த அம்மாளிடம் கேட்க இருபத்திரண்டு கேள்விகள் தயார். சந்துரு அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்.

27 ஜூலை, ஞாயிறு

போபோடி. ரயில் பாதைக்கு இந்தப் பக்கச் சந்து. மங்கையர்க்கரசி, அறுபத்தேழு வயது. குடியாத்தத்துக்காரி, கல்யாணமாகி வந்து நாற்பத்தாறு வருடம். நான் உட்காருவதற்குள் சாய் வந்துவிட்டது.

“நம்மளப் பத்தி இன்னாவோ புக்கு எழுதிக்கினியாமே. இன்னா எழுதுன, சொல்லு.”

நாற்பத்தொரு பக்கத்தையும் அந்த அம்மாளுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். ஒரு வரிதான் வந்தது. “நீங்க… படத்துல முகத்தைக் காட்ட மாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னு எழுதியிருக்கேன்மா.”

“நானா? யாரு சொன்னா?”

“படத்துல திரும்பிட்டீங்களே…”

“தும்மிக்கினேம்மா! உள்ள கடாயில மிளகாய் தாளிச்சுட்டு இருந்தாங்க. வாசல்ல நிக்க வெச்சா தும்மல் வராதா? அந்த போட்டோகிராபர் ஒரே தபாதான் அமுக்கினான். இன்னொண்ணு எடுய்யான்னு கெஞ்சினேன். ரோல் தீந்துபோச்சுன்னு போயிட்டான்.”

சந்துரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“ஒரு வாரமா கண்ணாடி பாத்து சிரிச்சுப் பழகினேன். அரக்குல புதுப் பொடவ. எதுக்கு? எங்கம்மாவுக்கு அனுப்ப. கண்ணாலம் ஆகி நாலு வருசம், அவங்க என்னப் பாக்கவே இல்ல. குரூப் போட்டோ ஊருக்கு அனுப்பினா தலைக்கு மேல பேனாவால அம்பு போட்டு அனுப்புவாங்க, இதுதான் நானுன்னு. எல்லாரும் போட்டாளுங்க. நான் போடல. பெத்தவளுக்கு அம்பு காட்டணுமான்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“எதுத்த வீட்டு வாத்தியார விட்டுக் கடுதாசி எழுதியிருந்தாங்க. ‘இதுல என் பொண்ணு எது?’ன்னு. தீவாளிக்குப் போலாம்னு இருந்தோம். ஆவணியிலயே அம்மா பூட்டாங்க. அப்புறம் தம்பி அந்தப் படத்தக் கொண்டாந்து குடுத்தான். இங்க ஒரு மழைக்கு ஆத்துத் தண்ணி வூட்டுக்குள்ள வந்துச்சு, அதுவும் போச்சு.”

இருபத்திரண்டு கேள்விகளும் பைக்குள்ளேயே இருந்தன.

28 ஜூலை

ஒரு வரி எழுத முடியல. அம்மா கண்ணுல பட்டுடணும்னு ஒரு வாரம் சிரிச்சுப் பழகினவளைப் போய், முகம் தர மறுத்தவள்னு எழுதி, அதுக்குக் கைத்தட்டலும் வாங்கியிருக்கேன். படிச்ச படிப்புக்கு நல்ல லட்சணம்! அசிங்கமா இருக்கு — நெஜமாவே அசிங்கமா இருக்கு.

சங்கரன் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

2 ஆகஸ்ட், சனி

இன்னொரு பக்கம் யோசித்தால் — யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அம்மாள் இங்கிலீஷ் புத்தகம் படிக்கப்போவதில்லை. சந்துருவும் வாய் திறக்க மாட்டார். நாலாவது அத்தியாயம் போனால் புத்தகம் இல்லை. மூன்று வருட உழைப்பு, ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு புத்தகத்துக்குத் தெம்பு எங்கே?

கோகுல்நாத்திடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நொடிதான் யோசித்தார். “தும்மலும் ஒரு மறுப்புதானே மேடம்? உடம்போட மறுப்பு.”

வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்: இரண்டு மணி நேரம் அதை நம்பினேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். நன்றாக வேறு வந்திருந்தது. இன்னும் பத்து வருடம் கழித்து மாணவர்கள் அதை மேற்கோள் காட்டுவார்கள் என்று தோன்றியதும் பயந்துபோனேன்.

3 ஆகஸ்ட்

அழித்துவிட்டேன். நாற்பத்து மூன்று பக்கமும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

புதிதாக எழுதியது ஒன்பது பக்கம். மிளகாய், அரக்குப் புடவை, கண்ணாடி, கடிதம், அப்புறம் நான் செய்த தப்பு. இவ்வளவுதான். கோகுல்நாத் பெருமூச்சு விட்டு, புத்தகத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார். அட்டைப்படம் மாறும். “இது ரொம்ப சாதாரணமா இருக்கு மேடம்” என்றார். என் ஆராய்ச்சித் தலைப்பே சாதாரண மனிதர்கள்தான் என்று இவருக்கு யாராவது சொன்னால் தேவலை.

ஆனால் அந்த அம்மாளிடம் கேட்காமல் இனி ஒரு எழுத்துகூட அச்சுக்குப் போகாது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மறுபடி போபோடி. ஒன்பது பக்கத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் ஒரே ஒரு திருத்தம்: கடுகு எண்ணெய் இல்லை, கடலை எண்ணெய்.

முடிந்ததும் சொன்னேன்: “படத்தை வேணாம்னா எடுத்துடறேன்மா. இல்லேன்னா இப்ப ஒரு படம் எடுத்து, உங்க முகம் நல்லாத் தெரியற மாதிரி, அதைப் போட்டுடலாம்.”

“இந்த மூஞ்சிய வெச்சுக்கினு இன்னா பண்றது? அதக் கேட்டவங்க போயிட்டாங்க. பழசையே போடு.” கை நீட்டினார். “கொண்டாந்திருக்கியா?”

படம் பழுக்காமலிருக்க அமிலமில்லாத உறையில் வைத்து, பருத்திக் கையுறை போட்டு மட்டுமே நான் தொடும் பிரதி அது. கொடுத்தேன். படத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு தலையாகத் தடவிப் பெயர் சொன்னார், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று. பதின்மூன்று பெயர். பிறகு சந்துருவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார்.

ஐயோ என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கொஞ்சம் கோணலாக, ஆனால் அழுத்தமாக, நடுவில் முகம் மூடி நிற்கும் பெண்ணின் தலைக்கு மேல் நீல மையில் ஓர் அம்பு போட்டார். மை காயும்வரை வாயால் ஊதினார்.

“இப்படியே அச்சடி” என்றார். “யாரு பாத்தாலும் நான் எதுன்னு தெரியணும்.”