மாதாவுக்குப் பின்னால் இருந்த டொபி

இஞ்சாருங்கோ,

இன்று மத்தியானம் எங்கள் கேம்பர் வானடியில் நின்ற ஆட்கள்: நான், மகள், வான் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், அவருடைய மனுசி. அவ்வளவுதான். மருமகனுக்கு ஷிப்ட். பக்கத்து வீட்டுப் பூனை வானின் கூரையில், நீங்கள் தும்புத்தடியால் கலைக்கிற அதே இடத்தில், படுத்திருந்தது. உங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதோ விடுவதோ என்று யோசித்துப் பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கோ.

அந்த மனுசி ஓட்டுகிற சீற்றில் ஏறி இருந்தா. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தா, கண்ணாடிகளைத் திருப்பிப் பார்த்தா. முன்னுக்கு நீங்கள் ஒட்டி வைத்த மாதா சுரூபத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டா. ஒட்டு விட்டுப் போயிருக்க வேண்டும், சுரூபம் ஆடியது. அதற்குப் பின்னால் இருந்து தங்கத்தாள் சுற்றிய ஒரு டொபி உருண்டு வந்து அவவின் மடியில் விழுந்தது.

ஆரோ களவாக ஒளித்து வைத்திருக்கினம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு அதை எடுத்து என் கையில் தந்தா. வெயிலுக்கு உருகி, குளிருக்கு இறுகி, திரும்பவும் உருகித் தாளோடு ஒட்டிப் போன டொபி. மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சீ, அதைக் குப்பைக்குள்ள போடுங்கோ அம்மா" என்றாள். நான் கார்டிகன் பொக்கற்றுக்குள் போட்டேன். இப்போது மேசையில், இந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்களுக்கு இன்சுலின் ஊசி தொடங்கின கையோடு, இனிப் பஸ் ஓட்ட ஏலாது என்று கடிதம் வந்ததே, அந்தக் கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தபோதுகூட உங்கள் முகம் அப்படி வாடவில்லை. இவ்வளவு காலமும் லண்டன் முழுக்கச் சனத்தை ஏற்றி இறக்கின மனுசன், மோர்டன் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்தே சாரதியை ஏசிக்கொண்டிருந்தீர்கள். "பாரும் அவன் பிரேக் அடிக்கிறதை. மேல்தட்டுக்கு ஏறுற சனம் என்னத்துக்கு ஆகும்!" பிறகு ஒருநாள் மிட்சம் கடைத்தெருவுக்கு மீன் வாங்கப் போனவர், மீன் இல்லாமல் இந்தக் கேம்பர் வானோடு வந்து இறங்கினீர்கள்.

"பஸ்தானே ஓடக்கூடாது எண்டவை? கார் லைசென்ஸ் கிடக்குத்தானே. இதில பயணியள் ரெண்டே ரெண்டு பேர்தான். நீரும் மாதாவும்."

நான் அன்று முழுக்க உங்களோடு கதைக்கவில்லை. சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம் என்று இருக்கிற மனுசன் வீட்டில் கிடக்க மாட்டாமல் வீட்டுக்கே சில்லுப் பூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார் என்று மகளுக்குப் போன் பண்ணி அழுதேன். பின்னேரம் உங்களுக்குத் தெரியாமல் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய், யன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் வாசலில் நின்று சிரிக்கிறீர்கள். அன்றைக்குத் தோற்றவள்தான்.

அதற்குப் பிறகு எத்தனை இடம்! வேல்ஸ் மலைகள், கோர்ன்வால் கடற்கரை, ஸ்கொட்லாந்தில் மழையைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்த ஏரிக்கரை. ஊசி மருந்து பிரிட்ஜ் கதவில், மாத்திரைகள் கரண்டி வைக்கிற லாச்சியில், பிரஷர் பார்க்கிற மெஷின் தலையணைக்குக் கீழே. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். உங்கள் மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருக்கிற கடதாசிகளை அகராதியோடு வாசித்துத்தான் இங்கிலீஷ் பிடித்தேன். வாந்தி, தலைச்சுற்று, வியர்வை எல்லாவற்றுக்கும் எனக்குச் சொல் தெரியும். ஸ்கொட்லாந்தில் ஏரிக்கு மேலால் வானவில் வந்தபோது, பக்கத்து வானில் இருந்த மனுசிக்கு அதைக் காட்டச் சொல் தெரியாமல் கையால் வளைத்துக் காட்டினேன். நீங்கள் உள்ளுக்குள் இருந்து, "தலைச்சுத்து எண்டு நினைக்கப்போறா" என்றீர்கள்.

என் கணக்குக் கொப்பியையும் விட்டீர்களா? ஒரு பக்கம் டீசல், மற்றப் பக்கம் உங்கள் சீனி. காலையில் ஊசியால் விரலைக் குத்தி நீங்கள் இலக்கத்தைச் சொல்ல, நான் எழுதுவேன். "ரெண்டும் ஏறிக்கொண்டுதான் போகுது, என்ன?" என்று எட்டிப் பார்ப்பீர்கள்.

ஆனால் சீனி பார்க்கிற அந்த மெஷினைவிட நான் நம்பின ஒன்று உங்களுக்கும் தெரியும். வான் பெருந்தெருவுக்கு ஏறினதும் நான் செபமாலையை எடுப்பேன். அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதி நான், இரண்டாம் பாதி நீங்கள். நீங்கள் செபிக்கிற விதம் எங்கள் கோவில் பங்குச் சனம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி. நான் முடிக்க முதலே நீங்கள் தொடங்கிவிடுவீர்கள். மரியாயும் மரண நேரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். தொடக்கத்தில் எனக்கு ஆத்திரம். பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சீனி இறங்கினால் உங்கள் வேகம் குறையும். கையில் நடுக்கம் வருமுன், வியர்க்குமுன், செபம்தான் முதலில் தளரும். ஆகவே நீங்கள் ஓடிச் செபிக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி.

"நீர் மாதாவிட்ட மன்றாடுறீரோ, எனக்குச் சோதனை வைக்கிறீரோ?"

"ரெண்டும்தான். ரோட்டைப் பாருங்கோ."

இனி வால்சிங்கம் மாதா திருத்தலத்துக்குப் போன அந்த யூலை மாதம். அதை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று பேசி வைத்தோம். இன்றைக்கு அந்தப் பேச்சை நான் முறித்துவிட்டேன். அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நோர்போக் பக்கத்து ஒடுக்கமான ரோடு. இரண்டு பக்கமும் வேலி, உழவு மெஷின் ஒன்றுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து மத்தியானச் சாப்பாடு பிந்திப் போய்விட்டது. மாதாவின் இடத்துக்குப் போய்த்தான் சாப்பிடுவோம் என்று சொன்னவள் நான்தான். செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தில், மூன்றாவது பத்து மணியில், உங்கள் குரல் மாறியது. ஒவ்வொரு சொல்லும் தனித் தனியாக, ஆறுதலாக, உருக்கமாக வந்தது. கலியாணம் கட்டின நாள் தொட்டு அப்படி ஒரு செபத்தை உங்கள் வாயில் நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. கிட்ட வரும்போதே மாதா இவரைத் தொட்டுவிட்டா, இத்தனை வருசம் நான் மன்றாடினது வீண்போகவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு அடுத்த மணிக்குப் போனேன். அதற்கடுத்த மணிக்கும் போனேன். பிறகுதான் நெஞ்சில் பொறி தட்டியது. இது பக்தி இல்லையடி, சீனி!

"நிப்பாட்டுங்கோ! இப்ப நிப்பாட்டுங்கோ!"

நல்ல காலம், கை பழகின கை. வயல் வாசல் ஒன்றில் வானை ஒதுக்கி, பிரேக்கும் இழுத்துவிட்டுத்தான் சரிந்தீர்கள். முகமெல்லாம் வியர்வை. நான் பின்னுக்கு ஓடிப்போய் ஐஸ்கிரீம் பெட்டியை இழுத்துத் திறந்தேன். குளுக்கோஸ் மாத்திரையும் சின்ன ஜூஸ் பைக்கற்றுகளும் வைத்த பெட்டி என்றுதான் கொண்டு வந்தேன். திறந்தால் நெத்தலிப் பொரியல். எங்கள் சனத்தின் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும் என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். ஒரே நிறத்து இரண்டு பெட்டி குசினி மேசையில் இருந்தது. ஒன்று வானுக்கு ஏறியது, மற்றது மோர்டனில் நின்றுவிட்டது. உங்களுக்கு ஆகாதென்று வானுக்குள் சீனி ஒரு கரண்டிகூட நான் ஏற்றுவதில்லை. தேனில்லை, பிஸ்கற் இல்லை. நெத்தலிதான் இருந்தது. ரோட்டில் ஒரு சனமில்லை.

மாதாவே என்று சுரூபத்தைப் பார்த்துக் கத்தினேன். அப்போது நீங்கள் கையைத் தூக்கினீர்கள். சிலுவை போடப் போகிறீர்களாக்கும் என்று நினைத்தேன். உங்கள் விரல் மாதாவுக்குப் பின்னால் போய்த் தடவியது. தங்கத்தாள் டொபி, ஒரு கைப்பிடி!

உரித்து உரித்து வாயில் வைத்தேன். அழுதுகொண்டு ஏசினேன், ஏசிக்கொண்டு ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் கண் என்னைக் கண்டது.

"பாத்தீரோ? களவெடுத்தாலும் மாதா காட்டிக் குடுக்கேல்லை."

"வாயை மூடிச் சப்புங்கோ."

பாணும் நெத்தலியும் தின்னத் தந்தேன். நிறம் திரும்பிவிட்டது, ஆனால் ஓட்ட விட எனக்கு மனமில்லை. எங்கள் சின்னக் காரைக் கோவிலுக்கும் கடைக்கும் கோலியர்ஸ் வுட்டில் மகள் வீட்டுக்கும் ஓட்டுகிறவள், இந்த யானையைத் தொட்டதே இல்லை. ஏறி இருந்தேன். சீற்றை முன்னுக்கு இழுத்துத் தந்தீர்கள். என் வேகத்துக்கு ஒரு சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனான். கண்ணாடியில் பார்த்தீர்கள். "மெதுவாப் போம், மெதுவாப் போம். பின்னால சனமெல்லாம் திருநாள் சுற்றுப்பிரகாரம் மாதிரி வருகுது. முன்னுக்கு மாதா, பிறகு நீர், அதுக்குப் பிறகு நோர்போக் முழுக்க." நான் சிரித்துக்கொண்டே கேம்ப் சைட் வரைக்கும் ஓட்டினேன். பெரிய ஆள் மாதிரி நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இனிப் பயமில்லை. நான் இல்லாட்டியும் வான் நிக்காது" என்றீர்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, கதையை மாற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு மாதாவுக்குப் பின்னால் டொபி வைக்கிறது என் வேலையானது. எண்ணித்தான் வைப்பேன், கடைசியில் எண்ணித்தான் திரும்ப எடுத்தேன். நான் வைத்ததற்கு மேலால் நீங்கள் கூடுதலாக ஒன்று ஒளித்து வைத்தது இன்றைக்குத்தான் தெரியும்.

போன மாரிக் குளிரில் ஆஸ்பத்திரியில், கட்டிலோரம் இருந்து நான் முதல் பாதியைச் சொன்னேன். நீங்கள் வழமைபோல ஓடித்தான் முடித்தீர்கள். மூச்சு இழுத்தபடி, ஆனால் ஓடித்தான். ஆகவே நான் பயப்படவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனேன். என் சோதனை சீனிக்குத்தான் செல்லும், நெஞ்சுக்குச் செல்லாது என்று எனக்குத் தெரியவில்லை. அடக்கப் பூசைக்குக் கோவில் நிறையச் சனம். எல்லாரும் ஒரே குரலில் ஆறுதலாக, உருக்கமாகச் செபித்தார்கள். எல்லாருக்கும் சீனி இறங்கிப் போச்சோ என்று நினைத்தேன். சிரிப்பு வந்து, பிறகு நிற்காமல் அழுகை வந்தது. இப்போதும் தனியே செபமாலை சொன்னால் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிற்கிறேன். உங்கள் ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். பிறகுதான் அடுத்த மணி.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். அந்தப் பெரியவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு கை வழங்காதாம். தடியை ஊன்றிக்கொண்டு வானுக்குள் நம் கட்டிலில் இருந்துகொண்டு, என் திரையைத் தடவிப் பார்த்தார். "நான் ஓடுவன், இவர் நித்திரை கொள்ளுவார்" என்றா மனுசி. நல்ல சனம். வருத்தக்காரரோடு இப்படித் திரிய ஏலுமோ என்று என்னைத்தான் கேட்டா. ஊசி மருந்தை எங்கே வைக்கிறது, சாப்பாட்டு நேரத்தை எப்படிப் பிடிக்கிறது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கடைசியாக, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டா.

நான் வாய் திறக்கமுன் மகள் சொன்னாள்: "அம்மா இதை ஓட மாட்டா."

"ஓடுவன்" என்றேன். "ஓடியிருக்கிறன்."

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கோ! அவர்கள் போன பிறகு வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டாள். "ரெண்டு பேரும் சேந்து எங்களுக்கு மறைச்சிருக்கிறியள்" என்று கத்தினாள். "அம்மா, உங்களுக்கும் இப்ப பிரஷர். தனிய அந்தப் பெரிய வானோட எங்க போகப் போறியள்? அந்த ஆக்களுக்கே குடுங்கோ. அவையாவது சந்தோசமாத் திரியட்டும்." அவள் சொல்வதிலும் பிழையில்லை. உங்களைப் பறிகொடுத்த பயம் அவளுக்கு இன்னும் விடவில்லை.

அவள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம், நான் ஓட்டுகிற சீற்றில் ஏறி இருந்து திறப்பைப் போட்டுத் திருப்பினேன். இத்தனை மாதம் நின்ற வான் ஒரு இருமலோடு எழும்பிவிட்டது. கூரையில் இருந்து பூனை பாய்ந்தது.

"அம்மா! எங்க போறியள்?"

"பூனையைக் கலைக்கிறன் பிள்ளை."

சீற் இன்னும் அன்றைக்கு நீங்கள் எனக்காக இழுத்து விட்ட இடத்தில்தான் இருக்கிறது. பிறகு நீங்கள் ஓட்டினபோதெல்லாம் முழங்கால் முட்ட ஓட்டினீர்களா? ஏன் பின்னுக்குத் தள்ளவில்லை? நான் கவனிக்கவே இல்லையே.

இந்த யூலைக்கு வால்சிங்கம் போக எனக்கு ஆசை. போனால் இந்த வானில், என் கையால் போக வேண்டும். ஆனால் ரோட்டில் ஏதும் நடந்தால், நான் முதல் பாதியைச் சொல்லும்போது பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்க ஆளில்லை. விற்றால் ஒரு வருத்தக்காரருக்கு உதவி, மகளுக்கு நிம்மதி. நான் அவர்களுக்காக விற்கப் பார்க்கிறேனோ, என் பயத்துக்காகவோ என்று எனக்கே விளங்கவில்லை. டொபியை இன்னும் உரிக்கவில்லை. வானை வைத்திருந்தால் அது மாதாவுக்குப் பின்னால் திரும்பப் போகும். விற்றால் என் செபமாலைப் பைக்குள் இருக்கட்டும்.

சனிக்கிழமை காலமை அவை மறுமொழி கேட்டு வருவினம். விக்கவோ, வச்சிருக்கவோ? அதுக்கு முதல் எனக்கு ஒரு சொல் சொல்லிப்போடுங்கோ. நீங்கள் வழமைபோல ஓடிச் சொன்னாலும் காரியமில்லை, நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பன்.