உலை வைக்காத நாற்பத்தொரு நாள்

கள்ளக்குறிச்சி,
9.6.2025

அன்புத் தம்பி அழகுக்கு,

அக்கா பச்சையம்மாள் எழுதுகிறேன். முருகன் காவலில் நானும் உன் மாமாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் குரலிலேயே தெரிகிறது.

எந்தக் குரல் என்று கேட்பாய். சனிக்கிழமை சின்னசேலம் மண்டபத்தில் மைக்கில் பேசினாயே, அந்தக் குரல். 'பருவநிலை மாற்றமும் நம் பிள்ளைகளின் நாளையும்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். உனக்குச் சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு, மாமாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

நன்றாகத்தான் பேசினாய். பெரிய நாடுகள் கூடிக் கூடிப் பேசிக் கலைவதையும், அவர்கள் விட்ட புகைக்கு நம் ஏரி காய்வதையும் ஐந்தாவது படித்த எனக்கே புரிகிற மாதிரிச் சொன்னாய். பிறகு என் நோட்டைத் தூக்கிக் காட்டினாய். பழுப்பு அட்டை, ஓரத்தில் குங்குமம். "என்னை வளர்த்த அக்கா. 2016ல் மழை பொய்த்தது. அந்த வருஷம் நாற்பத்தொரு நாள் அவர் வீட்டில் உலை வைக்கவில்லை" என்றாய். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவம்மா அந்த அக்கா" என்றாள். நானும் "ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

யார் தம்பி அந்த அக்கா? நம் அம்மா எனக்குத் தெரியாமல் இன்னொரு பெண் பெற்றாளா?

என் நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம். முதலாவது மழை: மொட்டை மாடியில் வைத்த எவர்சில்வர் டப்பாவில் விழுந்த தண்ணீரை ஸ்கேலால் அளந்து எழுதியது. இரண்டாவது உலை. மூன்றாவது விளக்கு. உலைக் கட்டத்தில் சுழியம் போட்ட நாளெல்லாம் என் விரத நாள். கிருத்திகையும் சஷ்டியும் கந்த சஷ்டி ஆறு நாளும் ஆடி வெள்ளியும் தை வெள்ளியும் கூட்டிப் பார், நாற்பத்தொன்று வரும். பொங்கலுக்கு வந்தபோது மழைக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தானே நோட்டுகளை வாங்கிப் போனாய்?

உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டோம். முறுக்கு டப்பாவிலேயே இருக்கிறது. பதிலை எழுத்தில் அனுப்பு. போனில் பேசினால் "அக்கா, கூட்டத்தில் இருக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய்.

உன் அக்கா,
பச்சையம்மாள்

*

சென்னை,
18.6.2025

பாசமுள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சின்னசேலம் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போகலாமா? மாமா என்ன நினைத்திருப்பார்?

நீ சொன்ன பிறகுதான் தெரிந்தது. சுழியம் என்றால் அன்று அரிசி இல்லை என்று எடுத்துக்கொண்டேன். விரதம் என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. ஒன்று மட்டும் புரிந்துகொள் அக்கா. வெப்பம் இத்தனை டிகிரி கூடியது, கடல் இத்தனை அங்குலம் ஏறியது என்று சொன்னால் கூட்டம் போனைப் பார்க்கிறது. ஒரு முகத்தைக் காட்டினால்தான் நிமிர்கிறது. உன் முகம் எத்தனை பேரை யோசிக்க வைத்திருக்கிறது தெரியுமா?

ஜூலை ஐந்தாம் தேதி நம் கள்ளக்குறிச்சியிலேயே கூட்டம். அங்கே திருத்திச் சொல்கிறேன். 2015க்கு முன் எழுதிய நோட்டுகளையும் எடுத்து வை, ஆள் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி,
தமிழழகன்

*

கள்ளக்குறிச்சி,
7.7.2025

அன்புத் தம்பி அழகுக்கு,

நோட்டு வாங்க நீ அனுப்பிய ஆளுக்கு மோர் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினேன். கோபித்துக்கொள்ளாதே. கொடுத்ததே இன்னும் திரும்பி வரவில்லை.

கூட்டத்துக்கு வந்தேன். கல்வராயன் மலையிலிருந்து பலாப்பழமும் சாமையும் கொண்டுவரும் சாலம்மாளும் என்னோடு வந்தாள். உன் பேச்சில் எண்ணெய்க்காகச் சண்டை போடும் நாடுகள் வந்தன. நாளைக்குத் தண்ணீருக்காகப் போடப்போகும் சண்டையும் வந்தது. எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த இடம் வரும்வரை உன்னை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அந்த இடமும் வந்தது. நாற்பத்தொன்று அறுபத்துமூன்று ஆகியிருந்தது.

இருபத்திரண்டு நாள் எங்கிருந்து வந்தது தம்பி? என் நோட்டில் இல்லை. பஞ்சாங்கத்திலும் இல்லை.

சாலம்மாள் என் முழங்கையை இடித்து, "இன்னாம்மா, உங்களத்தான் சொல்றாரா? பார்த்தா நல்லா சாப்டவங்க மாதிரிதான இருக்கீங்க?" என்றாள்.

நீ பேசியதை யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருவன் உன் மாமாவிடம், "இன்னா பொன்னுரங்கம் அண்ணே, சர்க்கரை ஆலை சம்பளம் வாங்கிக்கினு வூட்ல பொம்பளைக்கு சோறு போடலியா?" என்று கேட்டிருக்கிறான். முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் அந்தக் கடைக்குப் போன மனுஷன், இன்று போகவில்லை. காரணத்தை நானாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

சுழியத்தை அரிசி இல்லாத நாள் என்று எடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். 2016ல் நீ எங்கே இருந்தாய்? என் வீட்டில். என் விரத நாளில் உனக்கும் மாமாவுக்கும் சாப்பாடு எங்கிருந்து வந்தது? கச்சேரி ரோடு மெஸ்ஸிலிருந்து. நான்கு அடுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தது யார்? ஒரு கிருத்திகையன்று ரசத்தைக் கொட்டிவிட்டு வந்து நின்றாயே, அதுவும் மறந்துவிட்டதா?

மழைக் கட்டத்தையாவது பார்த்தாயா? பார்த்திருந்தால் உனக்குப் பொய்யே தேவைப்பட்டிருக்காது. பத்து வருஷத்துக்கு முன் ஐம்பத்திரண்டு நாளில் பெய்த மழை, போன வருஷம் முப்பத்துமூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. அளவு அவ்வளவாகக் குறையவில்லை, நாள்தான் குறைந்தது. இதைச் சாலம்மாளிடம் சொன்னேன். "அதாம்மா! மண்ணு எல்லாம் அடிச்சிக்கினு பூடுது, சாமை எப்டி நிக்கும்?" என்றாள். மூச்சு விடாமல் கால் மணி நேரம் பேசினாள். அவளுக்கு என் பசி தேவைப்படவில்லை.

இருபத்தேழாம் தேதி வெள்ளிமலையில் உனக்குக் கூட்டம் என்று அவள்தான் சொன்னாள். அங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடு. "என் அக்கா பட்டினி கிடக்கவில்லை, விரதம் இருந்தாள், நான் தப்பாகச் சொன்னேன்." இவ்வளவுதான். அது போதும் எனக்கு.

உன் அக்கா,
பச்சையம்மாள்

*

சென்னை,
16.7.2025

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். வெள்ளிமலைக் கூட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரு டப்பா கொடுத்து மழையை அளந்து எழுதச் சொல்லப் போகிறோம். உன்னைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது. இந்த நேரத்தில் ஒன்றைத் தப்பு என்று சொன்னால் மற்றதையும் பொய் என்பார்கள். பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

மாமாவிடம் நானே பேசுகிறேன்.

நீ மலைக்கு வர வேண்டாம். அந்த வளைவுகளில் உனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். உடம்பைப் பார்த்துக்கொள்.

தமிழழகன்

*

கள்ளக்குறிச்சி,
28.7.2025
ஆடி 12, திங்கள்

பேச்சாளர் தமிழழகன் அவர்களுக்கு,

மாமாவிடம் நீங்கள் பேசவில்லை. கடிதம் வந்த நாள் முதல் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வர வேண்டாம் என்று எழுதியதால்தான் வந்தேன். அதுவரை போவதா வேண்டாமா என்றுதான் இருந்தேன். நீங்கள் சொன்னபடியே வாந்தியும் வந்தது. மூன்றாவது வளைவிலேயே வந்துவிட்டது. வெள்ளிமலையில் இறங்கிய பிறகும் அது நிற்கவில்லை. சாலம்மாள் என்னைப் பந்தல் ஓரத்தில் உட்கார வைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அங்கிருந்துதான் கேட்டேன்.

"அந்த அக்கா இன்று நம்மோடு இல்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

எனக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. யாரோ செத்துப்போனதாக நினைத்து, கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன். சாலம்மாள்தான் எழுந்து நின்றாள்.

"ஐயா! அந்தம்மா சாவலைங்க. தோ, இங்க வாந்தி எடுத்துக்கினு குந்திக்கினு இருக்காங்க!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நம் இருவர் கண்ணும் பார்த்துக்கொண்டன, இல்லை என்று சொல்லாதீர்கள். எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு நானும் எழுந்து நின்றேன். அப்போதும் நம்பிக்கை போகவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு "அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானே அந்த மேடைக்கு ஏறி, "பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டான்" என்று பழியை என் தலையில் போட்டுக்கொண்டிருப்பேன். அதற்குத்தான் நின்றேன்.

"இவங்க வேற அம்மா" என்றீர்கள். "ஊரில் எல்லாருமே எனக்கு அக்காதான்" என்றும் சொன்னீர்கள். சிலர் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். சாலம்மாளைத் தெரிந்த வயதான ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அக்காவே பொய்யின்னா மழை மட்டும் நெசமா? வாங்கடா போலாம்" என்றார். பாதிக் கூட்டம் அவர் பின்னால் போனது. மேடையில் அடுக்கி வைத்த டப்பாக்கள் அப்படியே கிடந்தன. சாலம்மாள் மட்டும் ஒன்றை எடுத்தாள். அளக்கவா என்று கேட்டேன். "அளக்கறதா? சாமை போட்டு வெக்கறதுக்கும்மா. எங்க மலையில வெதைக்கிற நாளு தப்பிப் போச்சுன்னு எங்களுக்கே தெரியும். அத்த சொல்றதுக்கு ஒரு செத்த அக்கா எதுக்கு?" என்றாள்.

நீங்கள் சொன்னதில் மழை உண்மை, புகை உண்மை, பெரிய நாடுகளின் கணக்கும் உண்மையாகத்தான் இருக்கும். நான் ஒருத்திதான் பொய். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் அந்த ஜனங்கள் அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அடுப்பு மூட்டவில்லை. சாவு விழுந்த வீட்டில் உலை வைப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்ததுதானே? மாமா தானே போய்த் தூக்கில் இட்லி வாங்கி வந்தார். அந்தப் பழைய தூக்குதான்.

இன்று ஆடிப்பூரம். அம்மனுக்குச் சாத்த இரண்டு டஜன் பச்சை வளையல் போன வாரமே வாங்கி வைத்திருந்தேன். கல்யாணமான நாள் முதல் ஒரு வருஷம் தவறியதில்லை. இன்று போகவில்லை. எனக்குத் தீட்டு உண்டா இல்லையா என்றே தெரியவில்லை. பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். பங்காளி செத்தால் எத்தனை நாள், கட்டிக்கொடுத்த பெண் செத்தால் எத்தனை நாள் என்றெல்லாம் போட்டிருக்கிறது. செத்ததாகச் சொல்லப்பட்டவள் எத்தனை நாள் காக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. வளையல் பெட்டியிலேயே இருக்கிறது.

நோட்டுகளை அனுப்ப வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள், இனி அவை செத்தவளின் நோட்டுதானே. நேற்றைய தேதிக்குப் புது நோட்டில் எழுதியாயிற்று. மழை: சுழியம். உலை: சுழியம். விளக்கு: ஏற்றவில்லை.

ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று அன்று என்னைக் குறை சொன்னீர்கள். அதனால் இந்தத் தடவை எழுதினேன்: 'விரதம் அல்ல. சாவு.' யார் என்று எழுதும் இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். என் பெயரை அதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பெயரை எழுதவும் வரவில்லை.

இப்படிக்கு,
பச்சையம்மாள்